கேள்வி – பதில்: கிளாம்ப் மீட்டர் பூஜ்ஜியம் காட்டினால்…

ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஒயரில் கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளப்பது) மாட்டினால் 0 ஆம்பியர் காட்டுகிறது. மீட்டர் பழுதா? ஏ.சி. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திருநெல்வேலி

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒயருக்குள் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்றில் போகும் கரண்ட் மற்றதில் திரும்புவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கிளாம்ப்பின் வாய்க்குள் ஃபேஸ் மட்டும் இருக்க வேண்டும். அதற்காக ஏ.சி. ஒயரின் மேலுறையைக் கீறிப் பிரிக்காதீர்கள். பிளேடு உள் இன்சுலேஷனையும் சேர்த்துக் கீறிவிடும். கீறியது கண்ணுக்குத் தெரியாது.

16 ஆம்பியர் பிளக் ஒன்று, சாக்கெட் ஒன்று, நடுவில் 2.5 சதுர மி.மீ. ஒற்றை ஒயர்கள் மூன்று, அரை மீட்டர் நீளத்தில் தனித்தனியாக. இப்படி ஒரு இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செருகி, ஃபேஸ் ஒயரைக் கிளாம்ப்புக்குள் விட்டு, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். அளந்து முடிந்ததும் கழற்றி எடுத்து வைத்துவிட வேண்டும். மேலுறை இல்லாத ஒயரை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது.

இதே இணைப்பில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மட்டும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்ஜியம் வருவதுதான் நல்லது. வராவிட்டால் எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. ஆனால் சில மில்லி ஆம்பியர் கசிவைச் சாதாரண கிளாம்ப் காட்டாது. அதற்கு லீக்கேஜ் கிளாம்ப் தனியாக உண்டு.

கிடைத்த ஆம்பியரை 230-ஆல் பெருக்கி வாட் என்று சொல்லிவிடாதீர்கள். 4 ஆம்பியர் என்றால் 920 வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் (அதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.9 என்றால் 828 வாட்தான். இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் அலை வடிவம் மாறினாலும் சரியாக அளக்கும் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ மீட்டர் அவசியம், மற்றது குறைத்துக் காட்டும்.

பில்தான் கவலை என்றால் எந்த மீட்டரும் வாங்க வேண்டாம். ஈ.பி. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, ஏ.சி. தவிர மற்றதெல்லாம் அணைத்த நிலையில் நிமிடத்துக்கு 32 முறை மினுக்கினால், வீடு இழுப்பது 600 வாட்.

விலை குறைந்த மல்டிமீட்டரை வைத்து போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று ஃபேஸையும் பார்க்கலாமா? மீட்டரில் 600 வோல்ட் என்று போட்டிருக்கிறதே?
– விவசாயி, தாராபுரம்

வேண்டாம். இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 415 வோல்ட் 600-ஐ விடக் குறைவு என்பது மட்டும் கணக்கில்லை. மின்னல், பெரிய மோட்டார் ஆன்–ஆஃப் ஆவது போன்றவற்றால் லைனில் கண நேரத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் எகிறும். அதைத் தாங்கும் திறன்தான் ‘கேட்’ எண். சாக்கெட்டில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டி, ஸ்டார்ட்டர் பேனலுக்குக் கேட் 3, ஈ.பி. சர்வீஸ் லைன் வந்து இறங்கும் இடத்துக்குக் கேட் 4. ஒரே 600 வோல்ட்தான், ஆனால் கேட் 2 மீட்டரைச் சோதிப்பது 4,000 வோல்ட் எகிறலில், கேட் 3 மீட்டரை 6,000-இல். மீட்டரில் செருகும் லீடு ஒயர்களுக்கும் இதே எண் வேண்டும். நல்ல மீட்டரில் மலிவு லீடைச் செருகினால் மொத்தமும் மலிவு மீட்டர்தான்.

உண்மையில் மீட்டர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம். முன்பு ஆம்பியர் அளந்தவர் சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருப்பார். அடுத்தவர் டயலை வோல்ட்டுக்குத் திருப்பி நேராக இரண்டு ஃபேஸில் வைப்பார். அந்தத் துளைக்குப் பின்னால் கிட்டத்தட்ட பூஜ்ஜிய ஓம். அதாவது கையில் பிடித்துக்கொண்டே ஷார்ட் செய்கிறார். உள்ளே இருக்கும் 250 வோல்ட் கண்ணாடி பியூஸில் கம்பி உருகினாலும் நெருப்பு வில் அறுபடாது. மணல் நிரப்பிய ஹெச்.ஆர்.சி. பியூஸ்தான் அதை அணைக்கும். பியூஸ் போனால் மீட்டரின் பின்புறம் எழுதியிருக்கும் ஆம்பியர், வோல்ட் இரண்டும் பொருந்துவதைத்தான் போட வேண்டும்; செம்புக் கம்பி சுற்றுவது கூடவே கூடாது.

மோட்டார் கரண்ட்டுக்குக் கேட் 3 கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், லீடே தேவைப்படாது. ஃபேஸ் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். ஒன்று பூஜ்ஜியமாகி மற்ற இரண்டும் எகிறியிருந்தால் ஒரு ஃபேஸ் இல்லை. உடனே நிறுத்துங்கள், காயில் எரிந்துவிடும். பம்ப் ஷெட் தரை ஈரமாக இருந்தால் காய்ந்த பலகை அல்லது ரப்பர் பாய் மேல் நின்று, கைப்பிடியில் உள்ள விளிம்புக்குப் பின்னாலேயே விரல்களை வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.சி.பி.யை அணைத்த பிறகும் ஒயரில் 70 வோல்ட் காட்டுகிறது. பல்பு போட்டால் எரியவில்லை. தொடலாமா?
– வாசகர், விருதுநகர்

பக்கத்தில் ஓடும் லைனிலிருந்து தொற்றி வரும் வோல்ட்டாக இருக்கலாம். மல்டிமீட்டரின் உள் மின்தடை சுமார் 10 மெகா ஓம் என்பதால் அந்தச் சிறு கசிவையும் பெரிதாகக் காட்டுகிறது. ‘லோ இசட்’ (குறைந்த உள் மின்தடை) வசதியுள்ள மீட்டரில் அது பூஜ்ஜியத்துக்கு அருகில் இறங்கிவிடும். ஆனால் அந்த நிலையில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைக்காதீர்கள். சில மீட்டர்களில் அந்த மின்தடை 3 கிலோ ஓம்தான்; 230 வோல்ட்டில் 77 மில்லி ஆம்பியர் போகும், கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

பூஜ்ஜியம் வந்தாலும் உடனே தொட வேண்டாம். முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த சாக்கெட்டில் மீட்டரைச் சோதியுங்கள். பிறகு அந்த ஒயர். பிறகு மறுபடி அதே சாக்கெட். நடுவில் லீடு அறுந்தோ பேட்டரி தீர்ந்தோ போயிருந்தால் மூன்றாவது சோதனையில்தான் தெரியும். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் (இதை மட்டும் லோ இசட் இல்லாமல்), நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். நியூட்ரல் அறுந்த லைனில் முதலாவது பூஜ்ஜியம் காட்டும், ஃபேஸில் கரண்ட் இருந்தபடியே இருக்கும்.

மாடியில் சோலார் ஓடுகிறது. பேனல் ஒயரில் கிளாம்ப் ஏன் ஒன்றும் காட்டுவதில்லை?
– வாசகர், காரைக்குடி

உங்களுடையது ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) கிளாம்ப். மாறும் காந்தப்புலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். பேனலில் வருவது ஒரே திசையில் ஓடும் டி.சி. மாறாத காந்தப்புலத்தையும் உணரும் ஹால் சென்சார் உள்ள ஏ.சி./டி.சி. கிளாம்ப் வாங்கி, ஒயரில் மாட்டும் முன் ‘ஜீரோ’ பட்டனை அழுத்துங்கள். திரையில் 0 வந்ததென்று கனெக்டரை இழுத்துவிடாதீர்கள். லோடு ஓடும்போது பிரித்தால் டி.சி. வில் எளிதில் அணையாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. லைனைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.