ஒரு வருட விசிட்டிங் பதவியை ஏற்கலாமா?

நியூயார்க் சட்ட நிறுவன வேலையை விட்டுவிட்டு, மூன்று பாடம் எடுக்கும் சட்டக் கல்லூரி ஒன்றில் ஒரு வருட விசிட்டிங் அசிஸ்டன்ட் புரொபசர் (தற்காலிக உதவிப் பேராசிரியர்) பதவிக்குப் போகலாமா, நிரந்தரப் பேராசிரியராக அது வழிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிக்கல் காலண்டரில்தான். வகுப்பு தொடங்குவது ஆகஸ்டில். பேராசிரியர் தேர்வுக்காக ஏஏஎல்எஸ் என்ற அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் சங்கத்திடம் விண்ணப்பதாரர்கள் தரும் படிவங்கள் முதல் சுற்றாகச் சட்டக் கல்லூரிகளுக்குப் போவதும் ஏறக்குறைய அதே சமயத்தில். ஆக, சேர்ந்த கையோடு வேலை தேட வேண்டும். நேர்காணலில் உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது ஜாப் டாக் கட்டுரை, அதாவது பேராசிரியர்கள் முன் நீங்கள் பேசி விளக்கும் ஆய்வுக் கட்டுரை. மூன்று புதுப் பாடங்களுக்குத் தயாரித்துக்கொண்டே அதை எப்போது எழுதுவீர்கள்? கட்டுரை ஏற்கெனவே தயார் என்றால் கதை வேறு.

இரண்டாம் வருடத்தை எழுத்தில் கேளுங்கள். ‘அநேகமாக நீட்டிப்போம்’ என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. வக்கீலுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்! பாடங்களையும் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், முன்பு அந்தப் பதவியில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளலாம்.

பேராசிரியராக விரும்புகிறவர்களுக்கான தற்காலிகப் பதவிகளான ஹார்வர்டின் கிளைமென்கோ, சிகாகோவின் பிகெலோ ஃபெலோஷிப்புகளுக்கும் விண்ணப்பியுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குச் சட்ட ஆய்வும் எழுத்தும் கற்பிக்கும் வேலை. அவர்களுடைய வரைவுகளைத் திருத்தியே கண் பூத்துப்போகும். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கலாம், உங்கள் கட்டுரையைப் படித்துத் தாட்சண்யமில்லாமல் குறை சொல்லப் பேராசிரியர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.