இரண்டு மகன்களும் என் கையெழுத்துக்காகத்தான் வருகிறார்கள்

அன்புள்ள மேடம்,

எனக்கு 64 வயது. ஊர் திருப்பூர். என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து வருஷத் திதியும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. உயில் எழுதவில்லை. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப உயில் எதுக்கு" என்பார்.

1986-ல் வாடகைக் கொட்டகையில் நாலு பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு பனியன் கம்பெனி ஆரம்பித்தோம். ராத்திரி பீஸ் மூட்டை வீட்டுக்கு வரும். பெரியவனை மடியில் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டுவேன். 2011-ல் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினபோது துணி கிடைக்காமல் ஆர்டர் நின்றுபோய், என் நகை முழுக்க அடகுக்குப் போனது. திரும்பி வந்தது பாதிதான். இன்றைக்கு 300 பேர் வேலை செய்கிறார்கள்.

பெரியவன் பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு கம்பெனிக்கு வந்தவன். சின்னவன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவன், ஆர்டர் கொடுக்கிற பையர்களைப் பார்த்துக்கொள்கிறான். கம்பெனிப் பத்திரத்தில் என் வீட்டுக்காரர், பெரியவன், நான் என்று மூன்று பார்ட்னர். சின்னவனையும் சேர்ப்பதாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரிடமும் தனித்தனியாக "எல்லாம் உனக்குத்தான்டா" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பாசக்காரர், குணம் அப்படி.

போன தீபாவளி போனஸ் அன்றைக்குப் பெரியவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சின்னவன் வந்து பார்த்தான். "நான் ஆர்டர் பிடிக்கலைன்னா நீ மெஷினைத் தொடச்சுட்டுத்தான் உக்காரணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஸ்வீட் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் அப்படியே நின்றார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே வீடு, கீழே ஒரு சமையல், மாடியில் ஒரு சமையல். ராத்திரி பெரியவன் பேங்க் லோன் பேப்பரோடு வருகிறான். காலையில் சின்னவன் வந்து "நேத்து எதுல கையெழுத்துப் போட்டீங்க" என்கிறான். நான் கோயிலுக்குப் போனால்கூட டிரைவர் யாரிடமாவது சொல்லிவிடுகிறார். மருமகள்கள் வந்த பிறகுதான் இவ்வளவும்.

மகளை ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம். சீர் எல்லாம் செய்தாயிற்று, அவள் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"அம்பானி வீட்டுல அந்தம்மா பிரிச்சுக் குடுத்தாங்கல்ல, நீயும் குடுத்துட்டு நிம்மதியா இரு" என்கிறார் எங்கள் அண்ணன். நான் யார் பக்கம் நிற்பது? மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. அவரை நினைத்து அழக்கூட இந்த வீட்டில் நேரமில்லை.

- ஒரு தாய், திருப்பூர்

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மகன்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வரி. "எல்லாம் உனக்குத்தான்டா" என்று உங்கள் கணவர் சொன்னதற்கு ஒரே வரி, அதையும் பாசம் என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மகன்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. இருவருக்குமே அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவன் கண்ணுக்கு மற்றவன் தன் சொத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனாகத்தான் தெரிவான். அப்பாவிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. செத்துப்போன அப்பா மேல் கோபப்படுவது நம் வீடுகளில் பாவம், அதனால் அந்தக் கோபம் உயிரோடு இருப்பவர்கள் மேல் இறங்குகிறது. மருமகள்கள் மேல் உங்களுக்கு வருகிற கோபமும் இதில் சேர்த்திதான். அவர்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த வாக்குகள் கொடுக்கப்பட்டிருக்கும்.

உங்கள் கணவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கையால் தொழிலை உண்டாக்கியவர்களில் பலர் இப்படித்தான். சாவியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் நம்மை யார் மதிப்பார்கள் என்ற பயம். பார்ட்னர் ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சின்னவன் ஓடிக்கொண்டே இருப்பான். அதைப் பார்த்துப் பெரியவனும் கண் அசர மாட்டான். கம்பெனி அதில் வளர்ந்தும் இருக்கும்.

சரி, உங்கள் அண்ணன் சொன்ன அம்பானி கதை. திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் இறந்தார். 2004 கடைசியில் அண்ணன் தம்பி சண்டை ஊருக்குத் தெரிந்தது. 2005 ஜூனில் அம்மா கோகிலாபென் முன்னின்று பிரித்துக் கொடுத்தார். அந்தம்மா தனியாக உட்கார்ந்து அதைச் செய்யவில்லை. அப்போது ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்த கே.வி. காமத் போன்றவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் எரிவாயு விலையில் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அம்மா பிரித்துக் கொடுத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது என்பது உங்கள் அண்ணன் சேர்த்துக்கொண்டது.

"யார் பக்கம்" என்று கேட்கிறீர்கள். நீதிபதி நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டார்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இது எனக்குத் தெரியும்: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், அவருடைய அம்மா இருந்தால் அவருக்கும் சம பங்கு. உங்கள் மாமியார் இப்போது இல்லை என்று வைத்துக்கொண்டால், நாலில் ஒன்று உங்களுக்கு, நாலில் ஒன்று மகளுக்கு. இரண்டும் சேர்ந்தால் பாதி! அதற்கு மேல் பார்ட்னராக உங்கள் பங்கு வேறு. பிசிறு வெட்டியதையும் நகையை அடகு வைத்ததையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

இரண்டு பேருக்குள் பேச முடியாததை மூன்றாவது ஆள் தலையில் இறக்குவதை மர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் முக்கோணம் என்பார். ராத்திரி ஒருவன், காலையில் ஒருவன், நடுவில் நீங்கள். நீங்கள் செய்தி கடத்துகிற வரைக்கும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே வராது. "இதை அவன்கிட்ட நீயே சொல்லு சாமி, என்கிட்ட வேண்டாம்" என்று இருவரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த லோன் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பார்ட்னர்ஷிப் கம்பெனி கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு, உங்கள் சொந்த வீடும் நகையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமையும் பார்ட்னருக்கு உண்டு. பார்ட்னர் இறந்தால் கம்பெனி தொடருமா என்பதை உங்கள் ஒப்பந்தப் பத்திரம்தான் சொல்லும். மகன்களின் ஆடிட்டரும் வக்கீலும் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோர்ட் வாசலுக்கு அனுப்புவதற்கு முன்னால், மாவட்ட நீதிமன்றங்களில் சமரச மையம் இருப்பதையும் அவரிடம் கேளுங்கள். நாலு பேரும் ஒரே மேஜையில் உட்காருவது உங்கள் ஹாலைவிட அங்கே சுலபமாக இருக்கலாம்.

முடிவில் உற்பத்தி ஒருவனுக்கு, ஏற்றுமதி ஒருவனுக்கு என்று கம்பெனி இரண்டாகலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. தனித்தனியாகத் தொழில் செய்துகொண்டு பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்காருகிற அண்ணன் தம்பிகள் நம் ஊரில் உண்டு. அந்த நாற்காலியை மட்டும் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் உட்காருங்கள்.

தூக்கம் இப்படியே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், அரசாங்கச் சேவை, இலவசம். ஒரு வருஷமாகியும் நீங்கள் அழுது முடிக்கவில்லை, அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஈரோட்டில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அப்பா போனது அவளுக்கும்தான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாளா, மாட்டாளா என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? கையெழுத்துக் கேட்காமல் ஒரு தடவை போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். டிரைவர் வேண்டாம். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.