சர்க்கரை நோயாளிக்கு உருளைக்கிழங்கா, சீனிக்கிழங்கா?

"என் அத்தைக்கு (மாமியார்) வயது 62. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. உருளைக்கிழங்கை வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டோம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு (சீனிக்கிழங்கு) சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு கிழங்கு சாப்பிடுகிறார். ஆனாலும் அளவு இறங்கவே இல்லை. இரண்டில் எதில் சத்து அதிகம்? எதைக் கொடுக்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அத்தை சாப்பிடும் அந்த இரண்டு கிழங்கையும் எடை போட்டுப் பாருங்கள். ஒன்று 150 கிராம் என்று வைத்தாலும் இரண்டும் சேர்ந்து 300 கிராம். அதில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஐந்தாறு இட்லிக்குச் சமம். மூன்று வேளைச் சாப்பாட்டையும் குறைக்காமல், அதற்கு மேல் சாயங்காலம் ஐந்தாறு இட்லி சாப்பிட்டால் சர்க்கரை எப்படி இறங்கும்? அத்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "நல்லது" என்று சொன்னவர் எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

சரி, சத்துக் கணக்குக்கு வருவோம். பச்சைக் கிழங்கு 100 கிராம் எடுத்தால், உருளையில் சுமார் 77 கலோரி, 17 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் நார்ச்சத்து. சர்க்கரைவள்ளியில் 86 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் நார்ச்சத்து. இரண்டிலும் புரதம் 2 கிராமைத் தாண்டாது. மாவுச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருப்பது சர்க்கரைவள்ளியில்தான் என்பதைக் கவனியுங்கள். அதனால் உருளையை விட்டு அதற்கு மாறியதால் மட்டும் சர்க்கரை இறங்கிவிடாது.

பெரிய வித்தியாசம் இருப்பது பீட்டா கரோட்டினில். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல்கூட உண்டு. உருளையில் இல்லை என்றே சொல்லலாம். ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய பணிக்கு 2016-இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. ஆனால் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கோடு நம் சந்தைக்கு வந்து குவியும் சீனிக்கிழங்கை ஒன்று வெட்டிப் பாருங்கள். தோல் சிவப்பாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் வெள்ளை, இல்லையென்றால் வெளிர் மஞ்சள். அதில் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. இணையத்தில் படிக்கும் பெருமைகளில் பாதி ஆரஞ்சுக் கிழங்குக்குச் சொன்னவை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கனகா, பூ சோனா என்ற ஆரஞ்சு ரகங்களைத் தந்திருக்கிறது. எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள். கொஞ்சம் தேங்காய்த் துருவலோ ஒரு ஸ்பூன் எண்ணெயோ சேர்த்துத் தாளியுங்கள். கொழுப்பு இருந்தால்தான் அந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும்.

இதைவிட முக்கியம், சமைக்கும் விதம். கிழங்கைத் தணலில் போட்டுச் சுடும்போது தோல் வெடித்த இடத்தில் பாகு மாதிரி பிசுபிசுவென்று கசிந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சூடேறும் நேரத்தில் கிழங்கிலேயே இருக்கும் நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. சுட்ட கிழங்கு அவ்வளவு இனிப்பதற்குக் காரணம் இதுதான். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று சொல்லும் கிளைசெமிக் குறியீடு, தண்ணீரில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கு 50-ஐ ஒட்டி இருக்கிறது. அதே கிழங்கைச் சுட்டால் 80-ஐத் தாண்டிவிடுகிறது. ரகத்துக்கு ரகம் எண் மாறும், ஆனால் போக்கு இதுதான். அத்தைக்கு வேகவைத்தே கொடுங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எதுவும் தொட்டுக்கொள்ள வேண்டாம்.

உருளைக்கிழங்கை இப்படி ஒதுக்கிவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 100 கிராம் பச்சை உருளையில் 20 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது, பொட்டாசியமும் நிறைய. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதிலும் அது கெட்டிக்காரக் கிழங்கு. கெடுப்பது எண்ணெயில் முறுக விடும் வறுவலும், சோற்றுக்கு மேல் இன்னொரு மாவுச்சத்தாக அதைப் போட்டுக்கொள்ளும் பழக்கமும்தான். தோலோடு வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, வெங்காயம் எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் குறையும். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பழைய சோற்றில் நடப்பதும் இதுதான்.

ஆக, அத்தைக்கு இரண்டில் எதுவானாலும் 100 கிராம் போதும். அன்றைக்கு அதே வேளையில் ஒரு கரண்டி சோறோ இரண்டு இட்லியோ குறைய வேண்டும். கூடவே சுண்டலோ, ஒரு முட்டையோ, கீரையோ இருக்கட்டும். மாத்திரை, இன்சுலின் அளவை மட்டும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று, எட்டு வருடச் சர்க்கரை என்பதால் கேட்கிறேன்: சிறுநீரகப் பரிசோதனை சமீபத்தில் எடுத்தீர்களா? கிரியாட்டினினோ பொட்டாசியமோ கூடியிருந்தால் இரண்டு கிழங்குமே மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அப்படி இல்லையென்றால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஒரு நாள் உருளை, இன்னொரு நாள் சர்க்கரைவள்ளி என்று அதே 100 கிராம் கொடுங்கள். மற்ற பதார்த்தங்கள் இரண்டு நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். சாப்பிடுவதற்கு முன்பு ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து ஒரு முறை சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அத்தையின் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று அந்த நான்கு எண்களே ஓரளவு காட்டிவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.