தெருமுனைத் தேவாலயத்துக் கூடத்துக்குப் போகலாமா?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூரிலிருந்து கோவன்ட்ரிக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். தங்கியிருக்கும் தெருமுனையில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். அதன் வாசல் பலகையில் சனிக்கிழமை உணவு வங்கி, மாதம் ஒரு ஞாயிறு பொது மதியச் சாப்பாடு, அகதிகளுக்கு ஆங்கில வகுப்பு, நீதி அமைதிக் குழுக் கூட்டம் என்று வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை. போகலாமா, மதம் மாறச் சொல்வார்களா, விசாவுக்கு வில்லங்கம் வருமா, ஆத்தா கேட்டால் என்ன பதில் சொல்வது என்பவைதான் உங்கள் கேள்விகள்.

தாராளமாகப் போங்கள். நான் தேவகோட்டைக்காரி. பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம்தான். நர்ஸ் வேலைக்கு பர்மிங்காம் வந்து, பிள்ளைகளை வளர்த்து, இங்கேயே ஊன்றிவிட்டேன். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களில் பாதிப் பேர் ஒரு பங்கின், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சபையின், கூடத்துப் பின்புறச் சமையலறையில் கிடைத்தவர்கள். அதனால் ஒருபக்கச் சார்போடுதான் பேசுவேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் மதம் மாற்றும் பயம். தேவகோட்டை தே பிரித்தோ பள்ளியில் படித்த இந்து, முஸ்லிம் பிள்ளைகள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓரியூருக்கும் எல்லாரும்தான் போகிறோம். 1693இல் அருளானந்தர் என்று நாம் சொல்லும் தே பிரித்தோ பாதிரியார் தலை வெட்டுண்ட இடம், செம்மண் எடுத்து நெற்றியில் பூசுகிறவர்களை யாரும் என்ன மதம் என்று கேட்பதில்லை. இங்கேயும் பெரிய சபைகளின் பங்குகளில் அப்படித்தான். கத்தோலிக்கராக வேண்டும் என்று நீங்களே போய்க் கேட்டாலும் மாதக்கணக்கில் வகுப்பு வைத்து, யோசித்துப் பார் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு அது நடக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்து இலவச விருந்து வைக்கும் சில சிறு குழுக்கள் உண்டு. இன்ன நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னால் அதில் தப்பில்லை, பிடித்தால் போகலாம். நோக்கத்தை மறைத்து, வாராவாரம் போன் பண்ணி, உங்கள் நண்பர்களைக் குறைசொல்லி நெருக்கினால் உடனே விலகிவிடுங்கள். திருப்பலி என்னும் வழிபாட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒருவேளை போனால், நற்கருணை என்று குருவானவர் கொடுக்கும் அப்பம் கத்தோலிக்கருக்கு மட்டும். நீங்கள் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம், அல்லது வரிசையில் போய் இரு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்தால் குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார்.

சனிக்கிழமை உணவு வங்கியில் இருந்து தொடங்குங்கள் என்பேன். பேச்சு குறைவு, வேலை அதிகம், கூச்சமுள்ளவருக்கு ஏற்ற இடம். டப்பாக்களைக் காலாவதித் தேதிப்படி பிரிக்க வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், வருகிறவருக்கு ஒரு தேநீர் போட்டுத் தர வேண்டும். 2000இல் சாலிஸ்பரியில் டிரசல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் கிளை இருக்கிறது, பெரும்பாலும் தேவாலயக் கூடங்களில்தான். அந்த வலைப்பின்னலில் உள்ள இடமாக இருந்தால், டாக்டரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை மையமோ தரும் சீட்டோடு வருகிறவருக்குக் குறைந்தது மூன்று நாளைக்கான உணவு கொடுப்பார்கள். பீன்ஸ், பாஸ்தா, கெடாத பால், சீரியல் என்று இருக்கும். அரிசி உண்டு, பருப்பு அபூர்வம். ஒரு பை துவரம் பருப்பு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், அதைத் தேடி எடுக்கிற குடும்பம் கட்டாயம் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கே கை இறுகினால் அதே மேசையின் மறுபக்கம் நிற்பதில் வெட்கம் வேண்டாம். விசாவில் அரசு உதவித்தொகை கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். உணவு வங்கி தர்ம நிறுவனத்தின் உதவி, அந்தத் தடைக்குள் வராது. வாடகையும் பேருந்தும் போக மிச்சமில்லாமல் ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டுக்கு அழைத்தால் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொல்லும் நம் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் நெருக்கடி நிதி என்று ஒன்று இருக்கும், அதையும் கேளுங்கள்.

மாதச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுபோவார்கள். உங்களுக்கு வெள்ளைப் பணியாரம் ஊற்ற வருமா? பச்சரிசியும் உளுந்தும்தானே, கோதுமை இல்லை, முட்டை இல்லை, கொட்டைப்பருப்பு இல்லை. இங்கே ஒவ்வாமையை ரொம்பக் கவனமாகப் பார்ப்பார்கள், என்னென்ன சேர்த்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். கேரளத்துக்காரர்கள், நைஜீரியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், போலந்துக்காரர்கள், பரம்பரை ஐரிஷ் குடும்பங்கள் என்று மேசை நிறைந்துவிடும். நீங்கள் சைவம் என்றால் முதலில் போய்த் தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டி மாறுவதற்குள். நவம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியாக உட்கார்ந்து யோசிப்பதைவிட அந்தக் கூடத்தில் நாற்காலி அடுக்குவது நல்லது.

நம் பக்கத்து ஆட்கள் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கப்பலேறிய காலத்தில் போய் இறங்கிய இடம் கிட்டங்கி. பெட்டியும் பாயும் வைக்க இடம், ஒரே அடுப்புச் சாப்பாடு, ஊர்ச் செய்தி, அப்புறம் பக்கத்திலேயே தண்டாயுதபாணி. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இலேயே எழுந்துவிட்டது. பங்குக் கூடம் உங்களுக்கு அந்த மாதிரி ஓர் இடமாகலாம், ஒரு பெரிய வித்தியாசத்தோடு. கிட்டங்கி நம்மவருக்கு மட்டும். இங்கே வாசலில் யார் பிள்ளை என்று கேட்பதில்லை.

இனி நீதி அமைதிக் குழு. இதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன். பலகையில் கடைசியாக ஒட்டியிருப்பார்கள், கூட்டத்துக்கு எட்டுப் பத்துப் பேர்தான் வருவார்கள், அதிலும் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியைகளாக இருப்பார்கள். தவறவிடாதீர்கள். சாப்பாடு கொடுப்பது நம் செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. சத்திரம் கட்டினோம், நகரவிடுதி கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம், அழகப்பர் ஊரையே கல்லூரிகளால் நிரப்பினார். ஆனால் உணவு வங்கிக்கு வருகிறவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள். வேலை செய்கிறவருக்கு ஏன் சோற்றுக்கு வழியில்லை என்று இந்தக் குழு கேட்கிறது, கேட்டுவிட்டு அந்தச் சம்பளம் கொடுப்பவரிடமும் போய் நிற்கிறது. 2001இல் கிழக்கு லண்டனில் தேவாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் சேர்ந்து, துப்புரவுப் பணியாளருக்கு வாழத் தக்க கூலி வேண்டும் என்று தொடங்கிய இயக்கம், வங்கிகளையும் மருத்துவமனைகளையும் பணிய வைத்தது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் தாமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1891இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் நியாயக் கூலி பற்றிய பேச்சு ஏற்கனவே இருக்கிறது. இந்தக் கிழவிகளும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பர்மிங்காமில் 1998 மே 16ஆம் தேதி, ஜி8 என்னும் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் நகர மையத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யுங்கள் என்பது கோரிக்கை. அதில் நின்றவர்கள் எங்கள் பங்கில் இன்னும் இருக்கிறார்கள். வட்டி எப்படி வளரும் என்று செட்டிநாட்டுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தது. கொடுத்தவர் கேட்டது பணம், வந்தது நிலம், வளர்ந்தது பகை, கடைசியில் இரு பக்கமும் இழந்தது. அந்தக் கதை கேட்டு வளர்ந்த ஒருவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கடனைப் பற்றிப் பேசினால் அவர்களுக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கும். போய்ப் பேசுங்கள், கேட்கத்தான் உட்காரப் போகிறேன் என்று ஒதுங்காதீர்கள்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவில் இங்கே வசிக்கும் நீங்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். குழுவினர் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது உங்கள் கையெழுத்தும் ஒரு வாக்காளரின் கையெழுத்து.

நீதி என்று பேசத் தொடங்கிவிட்டால் நம் ஊரைத் தவிர்க்க முடியாது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர் எத்தனை வருடம் ஓடாமல் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். எந்தச் சாதியார் வடம் தொடலாம் என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், 2024இல்தான் மறுபடி ஓடியது. எங்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் பங்குகள் இன்றும் உண்டு. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை மறுத்தது, அது இன்னும் மாறவில்லை. இவ்வளவு தூரம் விமானமேறி வந்த பிறகும் இங்குள்ள தமிழ்ச் சங்கப் பொங்கலில் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று விசாரணை நடக்கும். அந்தக் கேள்வி எதற்கு வருகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது கொதிக்கும். நீங்கள் அதைக் கேட்காதீர்கள், கேட்டால் பதிலும் சொல்லாதீர்கள். உணவு வங்கி மேசையில் யாரோ ஒருவருடன் சேர்ந்து டப்பா அடுக்கும்போது அவர் யாரென்று விசாரிக்கத் தோன்றாமல் போகும் பாருங்கள், அந்தப் பழக்கத்தை லீவுக்கு ஊர் போகும்போதும் கொண்டுபோங்கள்.

அகதிகளுக்கான ஆங்கில வகுப்பில் இலங்கைத் தமிழர் யாராவது இருக்க வாய்ப்புண்டு. உங்கள் தமிழ் அங்கே பெரிய உதவி. ஆனால் வக்கீல், அரசு அலுவலகம், மருத்துவம் சம்பந்தமான மொழிபெயர்ப்புக்கு நீங்கள் போக வேண்டாம். ஒரு சொல் தவறினால் அவர் வழக்கே கெட்டுவிடும், அதற்கு முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்க அவருக்கு உதவுங்கள்.

விசா விஷயம். விரும்பிய நேரம் வந்து தொண்டு செய்வது பிரச்சினை இல்லை. ஆனால் சம்பளம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் போட்டு, நேரம் குறித்து, சம்பள ஆள் செய்யும் வேலையை நீங்கள் செய்தால் அது ஊதியமில்லா வேலையாகக் கணக்காகி, பருவ காலத்தில் உங்களுக்கு அனுமதித்த வாரம் 20 மணி நேரத்தில் சேரும். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான ஊர்வலத்துக்குப் போக உங்களுக்கும் உரிமை உண்டு, காவல்துறைக்குச் சொல்லி நடத்தும் ஊர்வலமாகப் பார்த்துப் போங்கள். சாலையை மறித்துக் கைதாவதை இந்த ஊர்க் குடிமக்களிடம் விட்டுவிடுங்கள், உங்கள் அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வரும். பிள்ளைகளோடும் முதியோரோடும் வேலை என்றால் டிபிஎஸ் என்னும் பின்னணிச் சோதனை கேட்பார்கள், தொண்டர்களுக்குக் கட்டணம் கிடையாது. காணிக்கை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நன்கொடையோடு அரசும் சேர்த்துக் கொடுக்கும் கிஃப்ட் எய்ட் திட்டத்தின் படிவத்தை நீட்டினால், வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதித்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். அரசு ஒரு பவுனுக்கு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும், நீங்கள் கட்டிய வரி அதற்குப் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடம்தான் கேட்கும்.

ஆத்தாவிடம் மறைக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் தேவாலயக் கூடத்தில், சோற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு உணவு மூட்டை கட்டுகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள், அன்னதானம் பார்த்து வளர்ந்தவருக்குப் புரியாமல் போகாது. நம்பவில்லை என்றால் வீடியோவில் கூடத்தையும் கூட வேலை செய்கிறவர்களையும் காட்டுங்கள். உணவு வாங்க வந்தவர்கள் முகம் மட்டும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.