கபீல் பயமும் பிஆர் ஆசையும்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 34 வயது. கோணம் ஐடிஐயில் வெல்டர் படித்தவர். கத்தாரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறார். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் டூவூம்பா பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கிறார். அந்த முதலாளி இவரையும் ஸ்பான்சர் பண்ணத் தயார் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். மணிக்கு 32 டாலர், வாரம் 38 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இதற்குள் நாகர்கோவிலில் ஒரு ஏஜென்ட், "ஸ்பான்சரில் போனால் கபீலிடம் மாட்டின கதைதான். நான் நேரடியாகப் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கித் தருகிறேன், நூற்றுக்கு நூறு உறுதி" என்கிறார். நாலே முக்கால் லட்சம் கேட்கிறார், முன்பணம் ஒன்றரை லட்சம். வீட்டுப் பின்னால் பன்னிரண்டு சென்ட் ரப்பர் இருக்கிறது. அதை ஒத்திக்கு வைக்கலாமா? எந்த வழியில் போவது?
பெயர் வேண்டாம், அருமனை.

பதில்: தங்கச்சி, ரப்பரை ஒத்திக்கு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

கபீல், அதாவது வளைகுடாவில் நம்மை ஸ்பான்சர் பண்ணுகிற முதலாளி. அந்த வார்த்தையை உங்கள் கடிதத்தில் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றையும் ஒரு பிசை பிசைந்தது. 1993-ல் நானும் வெல்டர்தான். களியக்காவிளையில் பஸ் ஏறி, திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடிக்குப் போனேன். மேசை மேல் விசா போட்டோஸ்டேட் ஒரு கட்டு. பணம் எண்ணுகிறவர் தண்ணீரில் ஊறின ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தெட்டாயிரம். அதில் பாதி அம்மாவின் செயின். மும்பையில் கையெழுத்துப் போட்ட தாளில் வெல்டர், 1,100 ரியால் என்று இருந்தது. சவூதியில் தமாமில் இறங்கியதும் அரபியில் இன்னொரு தாளை நீட்டினார்கள். அதில் ஹெல்பர், 600 ரியால். பாஸ்போர்ட் கபீலின் மேசை டிராயருக்குள் போனது, இரண்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. இன்றைக்கும் யாராவது ஸ்பான்சர் என்றால் எனக்கு அந்த டிராயரை இழுக்கிற சத்தம்தான் கேட்கும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கபீல் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. என் முப்பத்தெட்டாயிரம் ஊர்க்காரர் ஒருவர், திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர், மும்பைக்காரர் ஒருவர் என்று மூன்று கை மாறியது. கபீல் என்னை வேலைக்கு வாங்கினவர், என்னை விற்றவர் ஏஜென்ட். இப்போது ஒரு ஏஜென்டே கபீலைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிறார் என்றால் அதை நான் ரசிக்காமல் என்ன செய்ய?

சரி, அவர் சொல்கிற பிஆருக்கு வருவோம். நாளைக்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நம்பர் விசா?" வேலை கொடுக்கும் முதலாளி இல்லாமல் பாயிண்ட் கணக்கில் போகிற விசாக்கள் 189, 190, 491 என்று மூன்று. இதில் 189-ம் 190-ம் நிரந்தரம். 491 ஐந்து வருஷத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த ஊர்களில் மூன்று வருஷம் இருந்து, வருமான வரிக் கணக்கும் காட்டினால்தான் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் 491 என்று சொன்னால், பிஆர் என்று சொன்னது பொய்.

உங்கள் வீட்டுக்காரர் கணக்கை சாயா ஆறுகிறதற்குள் போட்டுப் பார்த்தேன். வயது 33-லிருந்து 39-க்குள், 25 பாயிண்ட். கத்தார் அனுபவத்தில் கடைசிப் பத்து வருஷத்துக்குள் எட்டு வருஷம் முழுதாகச் செல்லுபடியானால் 15. வெல்டர் படிப்பு அங்கே ஏற்கப்பட்டால் 10. ஆக 50. ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சையில் நாலு பிரிவிலும் 6 எடுக்க வேண்டியது கட்டாயம், ஆனால் அதற்குப் பாயிண்ட் பூஜ்யம். நாலிலும் 7 எடுத்தால்தான் 10. நீங்கள் 6 எடுத்துக் காட்டினால் 5. மாநில அரசு 491-க்குப் பரிந்துரைத்தால் 15. நீங்கள் பரீட்சை எழுதினால் 70, எழுதாவிட்டால் 65. அந்த 65 வரிசையில் நிற்பதற்கான அளவு மட்டும்தான். வரிசையிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்பதை அந்த மாநிலம் முடிவு பண்ணும். இதில் எங்கிருந்து வந்தது நூற்றுக்கு நூறு? இதற்கெல்லாம் முன்னால், தொழில் தகுதியைப் பார்க்கும் டிஆர்ஏ என்கிற அமைப்பு அவருடைய அனுபவத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணலாம் என்று சொல்லும். அங்கே இரண்டு வருஷம் கழிந்து போனால் 15 என்பது 10 ஆகிவிடும்.

இனி ஒர்க்‌ஷாப் முதலாளி. அவர் கொடுக்க நினைப்பது 482 விசா. 2024 டிசம்பர் 7 முதல் அதற்குப் பெயரை மாற்றி விதிகளையும் மாற்றியிருக்கிறார்கள். நாலு வருஷம் வரை இருக்கலாம். ஐஇஎல்டிஎஸ் 5 போதும். நீங்களும் கூடப் போகலாம், வேலையும் பார்க்கலாம். இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு முதலாளி பரிந்துரைத்தால் 186 என்ற நிரந்தர விசா இருக்கிறது, 45 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 34 வயதுக்காரருக்கு அவசரமே இல்லை. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

ஆனால் நீங்கள் எழுதின சம்பளத்தில் ஒரு சிக்கல். 32-ஐ 38-ஆல் பெருக்கி 52 வாரத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 63,232 டாலர். இந்த விசாவின் பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை 1 முதல் 76,515 டாலர். ஓய்வுக்கால நிதிக்கு முதலாளி போடுகிற பணம் இதில் சேராது, நிச்சயமில்லாத ஓவர்டைமும் சேராது. அப்படியென்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 39 டாலர் வேண்டும். இந்த அளவை வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள், விண்ணப்பிக்கிற அன்றைக்கு என்ன என்று பாருங்கள். இப்போதிருக்கிற கடிதம் அப்படியே உள்ளே போனால் நிராகரிப்பு. முதலாளி ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. சின்ன ஒர்க்‌ஷாப், முதல் தடவை ஆள் எடுக்கிறாராக இருக்கும், விதி தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டே 32-தான் என்று நின்றால் அந்த வேலையை மறந்துவிடுங்கள்.

நண்பர் மூலம் வேண்டாம், வீட்டுக்காரரே முதலாளிக்கு நேராக எழுதட்டும். நீங்கள் அரசு ஒப்புதல் பெற்ற ஸ்பான்சரா? எந்தத் தொழில் பெயரில் பரிந்துரைக்கிறீர்கள்? வருஷச் சம்பளம் எழுத்தில் எவ்வளவு? கம்பெனியின் பதினோரு இலக்க ஏபிஎன் என்கிற பதிவு எண் என்ன? இந்த எண்ணை இணையத்தில் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பணம் யார் கையிலிருந்து போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பரிந்துரைக் கட்டணமும், பயிற்சி நிதிக்கான வரியும் முதலாளி கட்ட வேண்டியவை. வருஷ வியாபாரம் ஒரு கோடி டாலருக்குக் கீழே உள்ள கம்பெனி என்றால் இந்த வரி விசாவின் ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,200 டாலர். இதை உங்களிடம் திருப்பிக் கேட்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. விசா விண்ணப்பக் கட்டணம், மெடிக்கல், பரீட்சை, டிக்கெட் இதெல்லாம் உங்கள் தலையில் விழலாம். "ஸ்பான்சர் பண்ணுகிறேன், எனக்கு இவ்வளவு கொடு" என்று அங்கே யாராவது கேட்டால், நண்பராகவே இருந்தாலும், 2015 டிசம்பர் முதல் அது அங்கே சட்டவிரோதம். கேட்டவருக்கு மட்டுமில்லை, கொடுத்தவர் விசாவும் போகலாம்.

முதலாளியோடு கட்டிப்போடுகிற கயிறே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள், மொத்தமாக 365 நாள் கொடுக்கிறார்கள். இது 2024 ஜூலையிலிருந்து. வேறு ஸ்பான்சரிடம் மாறினாலும் பழைய வேலைக்காலம் நிரந்தர விசாக் கணக்கில் சேரும். எனக்குத் தமாமில் ஆறு நாள் கிடையாது. அந்த டிராயரோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஏஜென்டே வேண்டாமா என்றால், தாள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டுக்கு மார்ன் என்று ஏழு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் அவர் பதிவு செய்த வருஷம். ஓமாரா என்கிற அங்குள்ள பதிவு அலுவலகத்தின் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் முடிவு உறுதி என்று சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய நடத்தை விதி. இந்தியாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. அதனால்தான் நாகர்கோவில்காரர் தைரியமாக நூறு என்கிறார், கேட்க அங்கே ஆளில்லை. மார்ன் எண் கேளுங்கள். "எங்கள் மெல்போர்ன் ஆபீஸில் இருக்கிறது" என்றால் அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவர்தானா என்றும் கேளுங்கள். முகம் மாறினால் கதவு இந்தப் பக்கம் என்று அர்த்தம்.

கேள்வி: தம்பிக்கு இங்கிலாந்தில் கேர் ஒர்க்கர் வேலை, சிஓஎஸ் கைவசம் இருக்கிறது, பதினாலு லட்சம் என்கிறார் ஒருவர். நான் பிஎஸ்சி நர்ஸ், எனக்கும் சேர்த்துப் பார்ப்பதாகச் சொல்கிறார். நம்பலாமா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை.

பதில்: வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் ஒர்க்கர் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ஓடு நிறுத்திவிட்டது. தம்பி சமாச்சாரம் அதோடு முடிந்தது. சிஓஎஸ் என்பது முதலாளி அங்குள்ள அரசுக்குப் பணம் கட்டி வாங்குகிற ஒரு பதிவு எண். அதைப் பாலக்காட்டில் யாரும் கைவசம் வைத்திருக்க முடியாது, விற்கவும் முடியாது.

உங்கள் கதை வேறு. நர்ஸுக்கு வழி இன்னும் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்கிற ஆங்கிலப் பரீட்சை, அப்புறம் அங்குள்ள நர்ஸ் கவுன்சிலான என்எம்சியின் பரீட்சை. உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது, ஆஸ்பத்திரி பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, நீங்கள் கேரள முகவரிக்காரர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கோடு தாண்டி இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் பிள்ளைகள் சென்னை கிண்டிக்குப் போக வேண்டும். தமிழ்நாடு அரசு 1978-ல் தொடங்கின அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற தம்பானூருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க ரயிலில் கிண்டிக்குப் போகிற விதி எங்களுக்கு.

கேள்வி: மகன் எட்டாவது வரை படித்தவன். விசிட் விசாவில் துபாய் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். பயப்பட வேண்டுமா?
வாசகர், குமுளி.

பதில்: வேண்டும். எட்டாவது என்றால் பாஸ்போர்ட் ஈசிஆர். ஈசிஆர்காரர்கள் வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டிய 18 நாடுகளில் அமீரகமும் ஒன்று. விசிட் விசாவில் ஏற்றிவிடுவதே அந்த அனுமதியைத் தாண்டிக் குதிக்கத்தான். முறையாகப் போனால் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயில் பத்து லட்சத்துக்குக் காப்பீடு கிடைக்கும். விசிட்டில் போகிறவனுக்கு அதுவும் இல்லை, சம்பளம் தரவில்லை என்றால் புகார் சொல்லத் தாளும் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு ரசீது தரவேண்டும். குமுளியிலிருந்து உங்களுக்குக் கொச்சியில் இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம்தான் பக்கம். பஸ் ஏறுவதற்கு முன் ஏஜென்டின் பதிவு எண்ணை அவர் கையாலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.