துப்பாக்கி ஜாம் எடுக்கப் பழகுவது இருக்கட்டும், முதலில் விசாவைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஹெச்-1பி வேலை விசாவில் டெக்சாஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் கீழ்வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். அலுவலக நண்பர் ஒருவர் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார். ஒரு பிஸ்டல் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். அவசரத்தில் அது சுடாமல் சிக்கி ஜாம் ஆகிவிட்டால் எப்படிச் சரிசெய்வது, எந்த டிரில்லை வீட்டில் தினமும் எத்தனை தடவை பழகுவது, கம்பெனி கிளாக்கா சிக்கா, தோட்டா அளவு 9 எம்.எம்.மா .45-ஆ என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்ட அனுபவம் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. இதை நான் கையால் தொடலாமா என்று மட்டும் கேட்கவில்லை.

தொடக்கூடாது. ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 எல்லாம் குடியேறாத விசாக்கள். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. 'வைத்திருப்பது' என்றால் பீரோவில் வைத்திருப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் அது உங்கள் கையில் இருந்ததாகத்தான் கணக்கு. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச தண்டனை 15 வருடம். சிறை ஒரு பக்கம் இருக்கட்டும், துப்பாக்கி வழக்கில் தண்டனை வாங்கினால் நாட்டை விட்டு அனுப்ப அதுவே போதும்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கைத் தேடிப் படியுங்கள். மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்கு வந்த பையன். மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது, விசா அந்தஸ்தும் போனது. அதற்குப் பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டிருக்கிறான். வழக்கு வந்து தண்டனையும் கிடைத்தது. தன் அந்தஸ்து என்ன என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்றும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் அவன் வாழ்க்கையில் எத்தனை வருடம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. உங்கள் அந்தஸ்து என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே வாட்ஸ்அப் வக்கீல்கள் ஓடி வருவார்கள். "வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும், நான் எடுத்துத்தான் வாங்கினேன்" என்பார்கள். மாநிலம் தரும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த உரிமம் காலாவதியான மறுநாள் உங்கள் வீட்டில் இருக்கும் துப்பாக்கியின் கதி என்ன என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றி நேரடியாகவே கேள்வி உண்டு. அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். அந்த வழியில்தான் போவேன் என்றால் காசு கொடுத்து ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாமே என்று உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். அது சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு. நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று. உங்கள் ரூம்மேட்டுக்கு, இந்த விசாத் தடை பொருந்தாத கிரீன் கார்டு இருக்கிறதா? அவர் பிஸ்டல் ஹாலில் இருக்கும் மேசை டிராயரில் கிடக்கிறதா? அப்படியென்றால் அது அவருடையது மட்டும்தான் என்று போலீஸிடம் விளக்கும் நிலைமையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். அவர் அறையில், அவர் சேஃபில், அவர் மட்டும் அறிந்த நம்பரில் இருக்கட்டும்.

நான் வந்தது 2003-ல். மாணவனாக, இரண்டு பெட்டியோடு. மூன்றாவது வாரமே அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒருவன் வயிற்றுக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். பர்ஸ், வாட்ச், மளிகைப் பை எல்லாவற்றையும் கொடுத்தேன். மளிகைப் பையை மட்டும் திருப்பித் தரையில் வைத்துவிட்டுப் போனான். அறைக்கு வந்து விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்வியில் எழுத்துக்கு எழுத்து அந்த ராத்திரி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். எனக்கும் மறுநாளே ஒன்று வாங்க வேண்டும் என்றுதான் தோன்றியது. பக்கத்து அறையில் இருந்த ஒரு சீனியர் விசா விதியைச் சொல்லித் தடுத்தார். அன்று அவர் மேல் கோபம். இன்று அவரைப் பார்த்தால் காலில் விழுவேன். 2014-ல் கிரீன் கார்டு வரும் வரை துப்பாக்கியை நான் தொட்டதில்லை. பதினொரு வருடம்! இந்தக் கிரீன் கார்டு வரிசையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

கார்டு வந்தபின் முதலில் சேர்ந்தது ஒரு பயிற்சி வகுப்பில். அங்கேதான் முதல் ஜாம். விசையை அழுத்தினேன், 'கிளிக்' என்று மட்டும் சத்தம். நம் ஊர் இன்ஜினியர் புத்தி என்ன செய்யும்? என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லும். பிஸ்டலை முகத்துக்கு நேரே தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, "சார், இது வேலை செய்யவில்லை" என்று பயிற்றுநர் பக்கம் திரும்பினேன். குழல் பக்கத்து லேனில் நின்ற அம்மாவை அப்படியே கடந்து போனது. பயிற்றுநர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து இலக்கின் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அரை மணி நேரம் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார், அவ்வளவுதான். ஜாம் என்றாலே எனக்கு இன்றும் அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே டிரில் என்று எதைச் சொன்னாலும் அதன் முதல் பாதி இதுதான்: சுடவில்லை என்றதும் விரல் விசையை விட்டு வெளியே வர வேண்டும், குழல் இலக்கை விட்டு நகரக்கூடாது. வீடியோக்களில் வரும் கைவேகம் எல்லாம் இரண்டாவது பாதி.

அந்த இரண்டாவது பாதியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெறும் கிளிக் என்றால் பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் முழுதாக உட்கார்ந்திருக்காது, அல்லது தோட்டா சொத்தை. உள்ளங்கையால் மேகசினின் அடியில் ஓங்கி ஒரு தட்டு, பிஸ்டலின் மேலே நகரும் பாகமான ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து விடு, மறுபடி பார். சுட்ட தோட்டாவின் காலி கேஸ் முழுதாக வெளியே விழாமல் ஸ்லைடில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றாலும் இதே தட்டு, இதே இழுப்பு. அது அடிக்கடி வந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் மணிக்கட்டு தளர்வாக இருக்கலாம். ஸ்லைடை இழுத்தபின் கையோடு சேர்த்து மெதுவாகக் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாசமாக! அப்படி விட்டால் அது முழுதாக மூடாமல் போகலாம். விட்டுவிட வேண்டும், ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு தோட்டா ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றால்தான் தொல்லை. தட்டி இழுத்தால் இன்னும் இறுகும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கி எடுத்து, இரண்டு மூன்று தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றி, வேறு மேகசின் போட்டு, மறுபடி இழுக்க வேண்டும். நன்றாகப் பழகியவருக்கே சில விநாடிகள் ஆகும். எதிரில் ஆள் இருக்கும்போது அந்த விநாடிகளில் நகர்ந்து மறைவுக்குப் போவது முக்கியம் என்று என் பயிற்றுநர் சொல்வார். இந்த வகை ஜாமுக்குப் பாதி நேரம் காரணம் வாய் வளைந்த பழைய மேகசின். தரையில் விழுந்து நசுங்கியதைத் தூக்கிப் போட மனசு வராது நமக்கு.

இதில் வீடியோக்காரர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது ஒன்று உண்டு. சில சமயம் 'டமால்' வராமல் 'புஸ்' என்று சோகையான சத்தம் வரும், கையில் உதையும் இருக்காது. தோட்டாவில் மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பழகிய கை தட்டி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழலே வெடிக்கும். அதனால் கையை மட்டும் பழக்கினால் போதாது, காதையும் பழக்க வேண்டும். ரேஞ்சில் கிளிக் கேட்டால் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி முப்பது விநாடி காத்திருக்கச் சொல்வதும் இப்படித்தான். மருந்து தாமதமாகப் பற்றலாம். ஆபத்து நேரத்துக்கு உடனே தட்டு, பயிற்சி நேரத்தில் காத்திரு என்று இரண்டு விதி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் பழகத்தான் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும் என்கிறேன்.

பழகும் விதம்: டம்மி தோட்டாக்கள் கலர் கலராகக் கிடைக்கும். இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களோடு ஒன்றிரண்டு டம்மியைக் கலந்து மேகசினை நிரப்பித் தருவார். எது எப்போது வரும் என்று தெரியாது. முதல் தடவை டம்மி வந்தபோது சத்தமே இல்லை, ஆனால் என் குழல் இரண்டு அங்குலம் கீழே குனிந்தது. சத்தத்துக்கு முன்பே பயந்து அமுக்கியிருக்கிறேன். ஜாம் பழகப் போய் என் சுடும் லட்சணம் தெரிந்ததுதான் மிச்சம். என் மனைவி அன்று ஒரு தடவைகூடக் குனியவில்லை. அவருக்கு ஸ்லைடு இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, ஒரு கை இழுக்கும்போதே மறு கையால் முன்னால் தள்ளச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. வீட்டில் பழகும்போது நிஜத் தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்காது, இது எங்கள் வீட்டுச் சட்டம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு வந்த வாரமே தொப்பி, பூட்ஸ், துப்பாக்கி வாங்கி, ரேஞ்சில் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஆறு வருடம் அதை சாக்ஸ் டிராயரில் வைத்திருக்கும் கூட்டம் ஒன்று. வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் ரவுடி என்று என் வீட்டுக் கொலுவுக்கு வர மறுத்த கூட்டம் இன்னொன்று. இரண்டுக்கும் நான் ஆகாதவன். பத்து வருடமாக மாதம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போகிறேன், அங்கே இருக்கும் கிழவர்கள் என் பேரைச் சரியாக உச்சரிக்கிறார்கள். அலுவலகத்தில் இன்னும் இல்லை.

நிஜமாக ஒரே ஒரு ராத்திரி தேவைப்பட்டது, தேவைப்பட்டதாக நினைத்தேன். இரண்டு மணிக்கு அலாரம் அலறியது. மனைவி பிள்ளைகளை எங்கள் அறைக்குள் இழுத்துக் கதவைப் பூட்டி 911 அடித்துவிட்டார். நான் சேஃப் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இருட்டில் நம்பர் தப்பாகிறது. மறுபடி தப்பு. எத்தனையோ நூறு தடவை தட்டி இழுத்துப் பழகிய கைக்கு நாலு பட்டன் அமுக்கத் தெரியவில்லை. மூன்றாவது தடவை திறந்தபோது வாசலில் போலீஸ் விளக்கு. பின்கதவைப் பையன் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறான், காற்றில் திறந்திருக்கிறது. அதிலிருந்து வாரம் ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு சேஃபைத் திறந்து பழகுகிறேன். இந்த டிரில்லுக்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

கிளாக்கா சிக்கா, 9-ஆ .45-ஆ என்பதற்கெல்லாம் கார்டு வந்த பிறகு பதில் சொல்கிறேன். அதற்குள் கடையில் மாடலே மாறியிருக்கும்.

இப்போதைக்கு உங்கள் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, எடுத்துப் பாருங்கள். டெக்சாஸ் சட்டப்படி வெளிக்கதவு ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து மட்டும் போடும் சாவியில்லாத போல்ட்டும், வெளியே பார்க்கும் துளையும் வீட்டுக்காரர் செலவில் இருக்க வேண்டும். பால்கனியில் பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் கண்ணாடிக் கதவு இருந்தால் அதற்கு முள் செருகிப் பூட்டும் 'பின் லாக்' (pin lock) வேண்டும். புதிதாகக் குடிவந்தவருக்கு ஏழு நாளுக்குள் பூட்டின் சாவியை மாற்றித் தந்திருக்க வேண்டும். நான்கு மாதம் ஆகிறது என்கிறீர்கள், மாற்றினார்களா? நாளைக்கே லீசிங் ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள்.