பாடகர் அந்தரத்தில் பறந்து இறங்கலாமா? ஒரு கலைவிழாக் குழுவுக்குப் பதில்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் கல்லூரிக் கலைவிழாவுக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது. திறந்த மைதானம், சுமார் 4,000 பேர் வருவார்கள். பாட வருகிறவரின் குழு, முதல் பாட்டுக்கு அவர் 30 அடி உயர டிரஸ்ஸிலிருந்து (விளக்குகளைக் கட்டும் உலோகச் சட்டம்) பறந்து இறங்க வேண்டும், அமெரிக்கப் பாடகி பிங்க் செய்வாரே அது மாதிரி, என்கிறது. சினிமா சண்டைக் குழுவில் ரோப் வேலை பார்த்த ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார். கூடவே கோல்ட் பைரோ (மேடையில் பீறிடும் தீப்பொறி), புகை எல்லாம் உண்டு. செய்யலாமா? யாரிடம் என்ன கேட்க வேண்டும்? முடியாது என்றால் வேறு என்ன செய்யலாம்?
— கலைவிழாக் குழுச் செயலாளர், கோவை

பதில்: தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைட் கட்டுவதற்காக நிறுத்துகிற டிரஸ்ஸில், 3 வார அவகாசத்தில், ஓர் ஆளைப் பறக்கவிடாதீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பாடகரின் குழுவிடமும் உங்கள் முதல்வரிடமும் நீங்கள் பேச முடியாது. அதனால் காரணத்தையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன பிங்க்கையே எடுத்துக்கொள்வோம். சிறு வயதிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். 2010 கிராமி விழாவில் பட்டுத்துணியில் தொங்கி, நனைந்த உடம்போடு சுழன்றபடி பாடினார். 2017இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு உயரமான ஓட்டலின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டே பாடினார். இவ்வளவு பழக்கமுள்ளவருக்கே 2010 ஜூலையில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் விபத்து நடந்தது. ஹார்னெஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) சரியாக மாட்டப்படாமல் இருக்கும்போதே கம்பி இழுக்கத் தொடங்கிவிட்டது. மேடையிலிருந்து இழுபட்டுக் கீழே இருந்த தடுப்பில் போய் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நல்லவேளை, பெரிய காயம் இல்லை. அன்று கம்பி அறுந்துபோகவில்லை. கொக்கி மாட்டுகிற வேலை முடிவதற்குள் இழுவை ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மேடையில் அந்தக் கொக்கியை யார் மாட்டுவார், மாட்டியதை இன்னொருவர் தொட்டுப் பார்ப்பாரா, 'இழு' என்று சொல்கிறவர் கண்ணுக்கு அந்தக் கொக்கி தெரியுமா? ரோப் போட வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். "நான் பாத்துக்கிறேன்" என்பது இதற்குப் பதில் ஆகாது. மாட்டுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் ஒருவர், இருவரும் கை காட்டிய பிறகு இழுக்கச் சொல்கிறவர் ஒருவர் என்று மூன்று ஆட்களை அவர் சுட்டிக்காட்ட வேண்டும்.

அடுத்தது சுமை. 70 கிலோ பாடகர் அசையாமல் தொங்கினால் கம்பியில் 70 கிலோ. அவரே ஊஞ்சல் போல 60 டிகிரி சாய்விலிருந்து விடுபட்டு வந்தால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது கம்பி தாங்குவது 140 கிலோ. கிடைமட்ட நிலையிலிருந்து விட்டால் 210. தொய்ந்து கிடந்த கம்பி சடாரென்று இறுகினால் அதைவிடவும் கூடும். அதனால்தான் ஆளைத் தூக்கும் கம்பி, கொக்கி, கப்பி எதுவானாலும் சுமையைப் போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் வைத்திருக்கிறோம். சரி, கம்பி தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரஸ்? லைட் ஆடாமல் தொங்கும், அதன் எடை நேராகக் கீழே இறங்கும். ஆடுகிற ஆள் டிரஸ்ஸைப் பக்கவாட்டில் இழுப்பார். மைதானத்தில் கால் ஊன்றி நிற்கிற டிரஸ் அந்த இழுப்புக்காகக் கணக்கிட்டு நிறுத்தியதே இல்லை. போதாததற்கு சாயங்காலக் காற்று வேறு. லைட் ஏற்றுகிற செயின் ஹாய்ஸ்ட்டும் (சங்கிலியால் தூக்கும் கருவி) ஆளைத் தூக்கச் செய்ததல்ல. பொருள் தொங்கினாலே ஆபத்து உண்டு. 2022 ஜூலையில் ஹாங்காங்கில் 'மிரர்' குழுவின் கச்சேரியில், மேலே தொங்கிய பெரிய வீடியோ திரை கம்பி அறுந்து விழுந்து நடனக் கலைஞர் ஒருவர் மிக மோசமாகக் காயப்பட்டார்.

சினிமா ரோப் ஆட்களைப் பற்றிக் குறைவாகச் சொல்லமாட்டேன். அவர்கள் கைத்திறமையை அருகில் நின்று பார்த்தவன் நான். ஆனால் அங்கே ஒரு ஷாட் சில நொடிகள். கீழே மெத்தை, பகல் போல வெளிச்சம், "கட்" என்றால் எல்லாம் நின்றுவிடும், சரியாக வராவிட்டால் இன்னொரு டேக். கச்சேரியில் இருட்டு. பக்கத்தில் கத்தினாலும் காது கேட்காது. பாடகர் பாட்டையும் தாளத்தையும் கவனித்துக்கொண்டே தொங்க வேண்டும். இடுப்பையும் வயிற்றையும் பட்டை இறுக்கும்போது மூச்சுப் பிடித்துப் பாடுவதே தனிப் பயிற்சி. கயிறு கட்டத் தெரிந்தால் மட்டும் இங்கே போதாது.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஊர்த் திருவிழாக் கச்சேரி, ஊர் வேண்டாம். நான் லைட்டிங் வேலைக்குப் போயிருந்தேன். பாடகி 15 அடி உயரத்தில் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கம்பியை இழுக்கிற வின்ச் இயந்திரத்தின் பிரேக் பிடித்துக்கொண்டது. கரண்ட் போனால் அது பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கையால் எப்படி இறக்குவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஏணி பந்தல்காரர் வண்டியில் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. இறக்கி முடிக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பெண் முகம் வெளுத்து, கால் மரத்து, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஹார்னெஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். இது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஏற்றுவதற்கு முன் "எப்படி இறக்குவீர்கள்?" என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அடுத்த வருடம் முறையாகப் பறக்க வைக்கிற நிறுவனத்தையே அழைத்தாலும், கரண்ட் இல்லாமல் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒத்திகையில், உங்கள் கண் முன்னால், கடிகாரம் பார்த்து. டிரஸ்ஸுக்குப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு வேண்டும். அதே உடை, அதே காலணி, அதே மைக்குடன் பாடகர் பலமுறை பழக வேண்டும். நிறுத்தும் உரிமை பாடகருக்கும் இருக்க வேண்டும். 2025 ஜூனில் ஹூஸ்டனில் பியான்சே அமர்ந்திருந்த பறக்கும் கார் அந்தரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் நிறுத்தச் சொன்னார், உடனே நிறுத்தி மெதுவாக இறக்கினார்கள், அப்புறம் கச்சேரி தொடர்ந்தது. ரசிகர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இனி, வேறு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பெரிய பாப் மேடைகளில் நாம் வாய்பிளந்து பார்ப்பதில் பாதி, துணிச்சலைவிடத் தந்திரம்தான். பார்க்கிறவருக்கு நெஞ்சு படபடக்க வேண்டும், செய்கிறவர் பத்திரமாக இருக்க வேண்டும். மைக்கேல் ஜாக்சன் உடம்பை விறைப்பாக வைத்து 45 டிகிரி முன்னால் சாய்வாரே, அது காலணியின் குதிகாலில் இருந்த பள்ளம் மேடையிலிருந்து எழும்பிய ஆணியில் மாட்டிக்கொண்டதால். அதற்கு 1993இல் காப்புரிமையே வாங்கியிருந்தார். 1992 சுற்றுப்பயணத்தில் கச்சேரி முடிவில் ராக்கெட் மாட்டிக்கொண்டு பறந்தது அவர் அல்ல, கின்னி கிப்சன் என்ற சண்டைக் கலைஞர். நம் சினிமாவில் டூப் என்கிறோமே, அதேதான். 2017இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையில் லேடி காகா கூரையிலிருந்து குதித்ததாக உலகமே நினைத்தது. கூரைக் காட்சி முன்பே படம்பிடித்தது, அதில் வந்த 300 டிரோன்களும் அப்படித்தான். அரங்கத்துக்குள் கம்பியில் இறங்கியது மட்டும் நேரடி. டெய்லர் ஸ்விஃப்ட் 2023இல் தொடங்கிய பயணத்தில் மேடையில் ஒரு திறப்புக்குள் பாய்ந்தார். உடனே மேடைத் தரையின் திரையில் அவர் நீந்திப் போவது போல ஒளி ஓடியது. அவர் உண்மையில் கடந்த தூரம் கொஞ்சம்தான். மிச்சத்தை ரசிகர்களின் கண் சேர்த்துக்கொண்டது.

உங்களுக்கும் டூப்தான் என் யோசனை. பாடகர் உயரத்தில் ஒருவர், அதே ஜாக்கெட், தலையை மூடிய ஹூடி. மேடை நடுவில் முதுகைக் காட்டி நிற்கட்டும். பின்னாலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் முகம் தெரியாது, உருவம் மட்டும் தெரியும். முன்னிசை உச்சத்துக்கு வரும்போது எல்லா விளக்கும் 2 நொடி அணையட்டும். மறுபடி வெளிச்சம் வரும்போது மேடை காலி. கூட்டத்தின் பின்னால், 4 அடி உயர மேடையில், ஃபாலோ ஸ்பாட் (ஆளைப் பின்தொடரும் விளக்கு) வெளிச்சத்தில் பாடகர் முதல் வரியை எடுக்கிறார். 4,000 தலைகளும் திரும்பும். அந்த நொடியில் எழும் கூச்சல் நீங்கள் கேட்ட 30 அடிக்குக் குறையாது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இதில் கோட்டை விடுகிற இடம் ஒலி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு ஸ்பீக்கர் சத்தம் 0.15 நொடி தாமதமாக வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளத்துக்குப் பின்னால்தான் விழுவார், பார்ப்பவர்கள் அவருக்குத் தாளம் இல்லை என்று நினைப்பார்கள். அதனால் காதில் மாட்டும் இன்-இயர் மானிட்டர் கட்டாயம். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் போவதால் 'கீ' என்று ஃபீட்பேக் வரும். சவுண்ட் இன்ஜினியர் அந்த இடத்திலேயே ஒருமுறை முழுச் சத்தத்தில் சோதிக்கட்டும். வயர்லெஸ் மைக், காலி மைதானத்தில் எட்டுகிற தூரம் கூட்டம் நிறைந்தபின் எட்டாது. மனித உடம்பு சிக்னலை உறிஞ்சிவிடும். ரிசீவர் ஆன்டெனாவைத் தலைகளுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். அந்தச் சின்ன மேடையிலிருந்து பெரிய மேடைவரை இருபக்கமும் கம்பித் தடுப்புப் போட்ட பாதை, தொண்டர்கள், வெளியேற இரண்டாவது வழி. இதற்கு 3 வாரம் தாராளம்.

பைரோவைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில் மேடைப் பொறி, சுவரில் ஒலி அடைக்க ஒட்டிய நுரையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013இல் பிரேசிலின் சான்டா மரியாவில் அதே கதை, 242 பேர். அங்கே நுரை, நம் ஊர் மேடைகளில் தெர்மாகோல். கல்லூரிப் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா ஒட்டி, பின்னால் துணி கட்டி, அதற்கு முன்னால் பொறி பறக்கவிடுகிறோம். கோல்ட் பைரோ என்ற பெயரில் 'கோல்ட்' இருந்தாலும் அதில் எரிவது டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகத் துகள். பொறி வெளியே வரும் வாய்ப்பக்கம் சூடாகவே இருக்கும். அந்தத் துகள் மூட்டை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் மூளும். உலர்ந்த மணல் வேண்டும். எனவே ஒன்று பைரோ, இல்லாவிட்டால் தெர்மாகோல், இரண்டும் ஒரே மேடையில் வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பைரோ இருப்பதை எழுத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

தரையோடு தவழும் புகைக்கு உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போடுவார்கள். அதன் வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். மேடைக்கு அடியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. மிச்சத்தைப் பாட்டிலில் போட்டு மூடவே கூடாது, வெடிக்கும். காகிதத் துண்டுகளைத் தூவும் பேப்பர் பிளாஸ்ட் பயமில்லை. ஈரக் காகிதம் மேடையில் வழுக்கும் என்பதால் பெருக்க இரண்டு பேர் நிறுத்துங்கள்.

பாடகரின் குழுவிடம் டூப் யோசனையைச் சொல்லும்போது ஒளி வரைபடத்தோடு போங்கள், வெறும் வாயால் சொன்னால் ஏமாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். ஃபாலோ ஸ்பாட் அடிக்கிறவரை முந்தின நாள் இரவே அந்த விளக்கு இருக்கும் கோபுரத்தில் உட்காரவைத்து, விளக்கு அணைந்த பிறகு பாடகர் நிற்குமிடத்தை எத்தனை நொடியில் பிடிக்கிறார் என்று பாருங்கள். 2 நொடிக்குமேல் ஆனால், பாடகரின் காலடியில் ஒரு சின்னப் பச்சை எல்இடி ஒட்டிவிடுங்கள். அவர் கோபுரத்திலிருந்து அதைக் குறி பார்த்துக்கொள்வார்.